மௌனத்தின் நீளம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் ரெஜினா டீச்சரின் அண்ணன் மகள் ஸ்டெல்லா. "அத்தை போயிட்டாங்க டீச்சர்" என்றாள். பெயரைச் சொல்லி மறுபடியும் சொல்லச் சொன்னேன். காது கேட்காமல் அல்ல. இப்படிப்பட்ட செய்தியைப் பாதி வாக்கியத்தில் வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. அவளும் புரிந்துகொண்டு, "ரெஜினா அத்தை, விடியக்காலைல தூக்கத்துலயே தவறிட்டாங்க" என்று முழுதாகச் சொன்னாள். அப்புறம்தான் நாற்காலியைத் தேடினேன்.

நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ரெஜினா கணக்கு டீச்சர். மதிப்பெண்ணில் அரை கூட இரக்கம் காட்டாதவர். நான் ஆங்கிலம். முப்பது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில், எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். ஒருவரையொருவர் டீச்சர் என்றே கூப்பிட்டோம். அக்கா தங்கை உறவெல்லாம் நாங்கள் கொண்டாடவில்லை. எனக்கு அவர் கையெழுத்து பிடிக்காது, அவருக்கு என் குரல் பிடிக்காது. இரண்டையும் இருவரும் சொல்லியிருக்கிறோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் பள்ளிக்குக் கணினி அறை வந்தபோது, யாரும் ஏற்க முன்வராததால் அது அவர் தலையில் விழுந்தது. நன்கொடையாக வந்த பழைய கணினிகள். மென்பொருளை விலை கொடுத்து வாங்க நிர்வாகம் மறுத்துவிட்டது. களவாகப் போட ரெஜினா மறுத்துவிட்டார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் சிடியை வைத்து, விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அத்தனை கணினிகளையும் எழுப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும். வரலாறு எடுத்த மரிய செல்வம் டீச்சர், "என்ன ரெஜினா, கருப்புத் திரையப் பாத்து ஜெபமால சொல்றியாக்கும்?" என்று கேட்டார். "ஆமா, அதுவாச்சும் பதில் சொல்லுதுல்ல" என்றார் ரெஜினா. அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு நாள் நான் போய் உட்கார வேண்டிவந்தது. அதற்குக் காரணம் என் கணவர்.

என் கணவர் ஆரோக்கியசாமி சாரை நம் பங்குக் கோயில் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று, இயேசு பட்ட துன்பங்களைச் சொல்லும் திருப்பாடுகளின் வரலாற்றை மூவர் பாடுவார்கள். அதில் நடந்ததைச் சொல்லிவரும் உரையாளர் பகுதி பல ஆண்டுகளாக அவருடையது. ஆண்டவர் தலை சாய்த்து உயிர்விடுகிற வரி வந்ததும் கோயில் முழுவதும் முழந்தாளிடும், சற்று நேரம் மௌனம் இருக்கும். மற்ற கோயில்களில் அது ஒரு மூச்சு நேரம்தான். என் கணவர் எளிதில் எழ மாட்டார். கிழவிகள் முனகுவார்கள், குழந்தைகள் நெளியும், சாமியாரே ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் எழுந்து அடுத்த வரியை எடுத்தால்தான் மற்றவர்களும் எழ முடியும். அந்த மௌனத்தின் நீளத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அவருடைய கடைசிப் பெரிய வெள்ளியன்று, ஒலிபெருக்கி வைத்தவர் தன் கணினியில் அதைப் பதிவு செய்து ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். என் கணவரின் குரல் இருப்பது அதில் மட்டும்தான். எங்கள் கல்யாணத்துக்கு டேப் ரெக்கார்டர் வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, வீட்டிலேயே இருக்கிற குரல்தானே.

அவர் இறந்த முப்பதாம் நாள் ஜெபத்துக்கு என் நாத்தனார் சிறுமலையிலிருந்து வந்திருந்தார். சிடியை என் கணவரின் படத்தின் அருகில் வைத்திருந்தோம். பூசை முடிந்து நாங்கள் கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது, அதன்மேல் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. "அண்ணன் படத்துக்கு முன்னாடி வெறுந்தரையிலயா மதினி வத்திய வைக்கிறது? இது பளபளன்னு வெள்ளித் தட்டு கெணக்கா இருந்துச்சு, அதான் வச்சேன்" என்றார். மெழுகைச் சுரண்டி எடுத்தோம். அடியில் விரல் அகலத்துக்கு ஒரு வெண்மையான தடிப்பு இருந்தது.

பெங்களூரில் இருக்கும் என் மகன் அதைக் கொண்டுபோய், முழுத் தட்டையும் ஒரே கோப்பாக நகலெடுத்து அனுப்பினான். அப்படிப்பட்ட நகலைக் கணினியில் ஒரு வெறும் கோப்புறையில் ஏற்றினால், அசல் தட்டையே உள்ளே போட்டது போலத் திறந்துகொள்ளும் என்றான். எனக்கு ஏற்றவும் தெரியாது, இறக்கவும் தெரியாது. தவக்காலத்தின் முதல் வாரம், மகனின் நகலையும் பழைய தட்டையும் எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனேன்.

"வாங்க டீச்சர். செத்த நேரம் உக்காருங்க" என்றார் ரெஜினா. ஒரு வரி தட்டினார். கணினி ஏற்க மறுத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதியது. கோப்பு முறைமை தவறாக இருக்கலாம், கட்டளை தவறாக இருக்கலாம், தலைப்பகுதி கெட்டிருக்கலாம், அல்லது வேறு ஏதாவதாக இருக்கலாம் என்று அர்த்தம்.

"இது என்ன பதில்? வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்ற சாக்கு மாதிரி இருக்கு" என்றேன்.

"சாக்கு இல்ல டீச்சர். அதுக்கு நாலு சந்தேகம். நாலையும் ஒரே மூச்சுல சொல்லிருச்சு. ஒவ்வொண்ணா கழிக்க வேண்டியது நம்ம வேல."

ஒவ்வொன்றாகவே கழித்தார். கட்டளை சரி. வேறொரு நல்ல நகலை ஏற்றிப் பார்த்தார், ஏறியது. ஆகவே கணினி சரி. பிறகு, பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதை மட்டும் பார்த்து இது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் ஒரு கட்டளையைக் கொடுத்தார். அடையாளம் தெரியவில்லை என்று பதில் வந்தது. என் மகனின் மென்பொருள் வேறு வடிவத்தில் நகலெடுத்திருக்கிறது. அவன் கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டான்.

"ஞானஸ்நானம் குடுத்துட்டா ஆச்சா? உள்ள மனந்திரும்ப வேணாமா?" என்றார் ரெஜினா. அதை உரிய வடிவத்துக்கு மாற்றினார். இப்போது ஏறியது. ஆனால் கோப்பின் நீளம் தட்டின் நீளத்தில் பாதிதான் இருந்தது. மெழுகுவத்தி இருந்த இடம் வந்ததும் பெங்களூர் கணினி நகலெடுப்பதைக் கைவிட்டிருந்தது. ஆண்டவரை விசாரிக்கும் பிலாத்துவின் அரண்மனை வரைதான் என் கணவர் பாடினார்.

என் நாத்தனாரைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிரியத்துல வச்சதுதான. அத இனிமே யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார் ரெஜினா. நான் பேசவில்லை. இத்தனை ஆண்டுக்குப் பின் இங்கேதான் எழுதுகிறேன். நாத்தனாரும் இப்போது இல்லை.

அசல் தட்டிலிருந்தே புதிதாக நகலெடுக்க ரெஜினாவுக்குச் சில நாள்கள் பிடித்தன. பிறகு ஒரு மாலை கூப்பிட்டனுப்பினார். ஏற்றினார், திறந்தார், ஓடவிட்டார். பிலாத்துவைத் தாண்டி, சிலுவைப் பாதையைத் தாண்டி, என் கணவரின் குரல் வந்துகொண்டே இருந்தது. தலை சாய்க்கிற வரி வந்தது. பிறகு மௌனம். அது நீண்டது. நான் அறிந்த எந்த ஆண்டையும்விட நீண்டது. பிறகு குரல் திரும்ப வந்து முடிவு வரை பாடியது.

அந்த மௌனத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழ மனமில்லாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன். மகனுக்குச் சொன்னேன். பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுவாரம் ரெஜினா என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்குவீங்க."

"சொல்லுங்க."

"அந்த மௌனம் சாரோடது இல்ல டீச்சர்."

கணினி அறைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். தட்டில் படிக்க முடியாத இடங்களை விட்டுவிட்டால் நகலின் நீளம் குறைந்து, பின்னால் இருப்பவை இடம் மாறி எல்லாம் குழம்பிப் போகும். ஆகவே அந்த இடங்களைச் சுழியத்தால் நிரப்பும்படி கணினிக்குச் சொல்லியிருந்தார். ஒலியைக் கோடாக வரையும் மென்பொருளில் அந்தப் பகுதியைத் திறந்தார். மற்ற இடமெல்லாம் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. தலை சாய்க்கிற வரிக்குப் பின்னால், அடிமட்டம் வைத்து இழுத்தது போல நேராக ஓடியது.

"கோயில்ல ஃபேன் ஓடும். பெஞ்சு கிறீச்சுங்கும். யாராச்சும் இருமுவாங்க. மௌனம்னா அதுக்குள்ள இம்புட்டாச்சும் இருக்கும் டீச்சர். இதுல ஒண்ணுமே இல்ல. இது நான் போட்ட சுழியம்."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

"இத்தன வருசமா என்னையப் பாக்குறீங்க. தப்பான விடைக்கு நான் சரி போட்டிருக்கேனா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் பல நாள்கள் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேச முடியவில்லை. கணவரை ஒருமுறை கல்லறையில் விட்டுவந்தவளுக்கு இரண்டாம் முறையும் அதே வேலை வந்தது போல இருந்தது.

அந்த நாள்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு கணினியின் சிடி டிரைவ் படிக்க முடியாத இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடக்கூடும் என்று, தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார். பள்ளிக்குப் பக்கத்து டிடிபி கடை, அகரத்தில் அண்ணன் வீடு, ஒட்டன்சத்திரத்தில் தெரிந்த ஒருவரின் கணினிக் கடை. பழைய நகலை மாற்றாமல், சுழியம் இருந்த இடங்களில் மட்டும் கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர், "ஏனுங்க டீச்சர், புதுத் தட்டு பத்து ரூபாய்க்குக் கிடைக்குதுங்களே, இதப் போயி கட்டிக்கிட்டு அழுவுறீங்க" என்றாராம். இதைச் சொன்னது ரெஜினா அல்ல, ஸ்டெல்லா. அதுவும் இப்போதுதான், அடக்கத்துக்குப் பிறகு.

புனித வாரத்தில் ஒரு நாள் மறுபடியும் என் மேசைக்கு வந்தார். "கொஞ்சம் ஏறியிருக்கு. முழுசா இல்ல. வாரீங்களா?" என்றார். போனேன்.

தலை சாய்க்கிற வரி வந்தது. பிறகு புடவைகள் சரசரத்தன. நிறையப் பேர் ஒன்றாகத் தரையில் இறங்குகிற சத்தம். மின்விசிறியின் இரைச்சல். ஒலிவாங்கிக்கு மிக அருகில், நெஞ்சிலிருந்து வரும் ஒரு மூச்சு. அது அவருடையது. கடைசி ஆண்டு அவருக்கு அப்படித்தான் இழுத்தது. பிறகு தூரத்தில் ஒரு இருமல்.

"இருமுறது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார் ரெஜினா.

தெரிந்தது. வகுப்பை அடக்க நான் இருமும் இருமல். எத்தனையோ ஆண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரெஜினாவைத் தொந்தரவு செய்த அதே இருமல். பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசை.

பிறகு எல்லாம் அறுந்தது. மின்விசிறி இல்லை, மூச்சு இல்லை. "இதுலேர்ந்து சுழியம். இதுக்கு மேல எதுலயும் படிக்க முடியல டீச்சர்" என்றார். இவ்வளவு கிடைத்ததே என்று அவர் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

கிளம்பும்போது, ஏற்றியதை இறக்க ஒரு வரி தட்டினார். கணினி மறுத்தது. மறுபடியும் தட்டினார், மறுபடியும் மறுத்தது. "எறங்க மாட்டேங்குது. உள்ள யாரோ இன்னும் இருக்காங்கன்னு சொல்லுது" என்றார். ஒலியை ஓட்டும் சாளரத்தை நான் மூடாமல் விட்டிருந்தேன். மூடச் சொல்லி என்னைப் பார்த்தவர், என் முகத்தைக் கண்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இருவரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வாட்ச்மேன் வந்து, "பூட்டணும் டீச்சர்" என்றபோதுதான் நானே அதை மூடினேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் அகரத்துக்கே போய்விட்டார். சர்க்கரை அவர் கண்களைத்தான் முதலில் தொட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் படிக்க முடியாமல் போனதும் கணினியை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரு?" என்றார். நான் இருமினேன். "வாங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். இரண்டாவது காபி குடிக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பேருந்து பிடித்து வந்தேன்.

அகரத்துக் கல்லறையில் அவருக்காக நாங்கள் முழந்தாளிட்டோம். என் முழங்கால் இப்போது மடங்காது, கம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சாமியார் மௌனம் காக்கச் சொன்னார். நான் கவனித்துக் கேட்டேன். காக்கைகள் கத்தின, சாலையில் ஒரு லாரி போனது, ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சினாள். சாமியார் சீக்கிரமே எழுந்துவிட்டார். நான் எழவில்லை.

ரெஜினா செய்துகொடுத்த நகல் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் நானே அதை ஏற்றிக் கேட்கிறேன். இருமலுக்கு அடுத்து, என் கணவர் எங்கே முடிகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்திவிடுகிறேன். அதற்கு அப்பால் இருக்கும் நீளத்தை அவருடையது என்று அதன்பின் நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே கூட. ரெஜினா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.