மேனேஜர் மூடிய வால்வு

ஐஸ் ஃபாக்டரியில் அவளுக்குப் பெயர் தண்ணியக்கா. உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஆர்.ஓ. மெஷினோடு பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புதிதாக வந்த மேனேஜர்தான் மிரண்டுபோனார். "ஆர்.ஓ. பாக்கிற அம்மா எங்கே?" என்று கேட்டதற்கு வாட்ச்மேன், "காலையிலேர்ந்து தண்ணியிலதான் இருக்காங்க சார்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மேனேஜர் மோப்பம் பிடித்தபடியேதான் அறைக்குள் நுழைந்தார்.

சாராய வாடை எதுவும் இல்லை. கண்ணில் பட்டது கழிவுக் குழாய்.

"என்னம்மா இது, இவ்வளவு தண்ணி சாக்கடைக்குப் போகுது?"

"வடிகட்டுற மெம்பரேன்ல சேர்ற உப்பை அதுதான் சார் அடிச்சிட்டுப் போகுது. குறைச்சா கல்லாப் படிஞ்சிடும்."

"படியாம இருக்கத்தான் மருந்து விடறீங்களே?"

"மருந்தும் ஓரளவுக்குத்தான் தாங்கும் சார்."

மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கையாலேயே வால்வை முக்கால்வாசி மூடினார். அவர் தலை மறைந்ததும் அவள் திறந்தாள். அவர் திரும்பி வந்து மூடினார். ஒரு வாரம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. பிறகு அவர் பூட்டே போட்டுவிட்டார். பிரஷர் முள் நாளுக்கு நாள் ஏறியது. நல்ல தண்ணீர் நூல் மாதிரி இளைத்தது. அவளுக்கு வயிற்றெரிச்சல், வீட்டில் புருஷன் குழாயை மூடினால்கூட எரிந்து விழுந்தாள்.

ஒரு மதியம் மேனேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேஜையடியில் சுருண்டார். சிறுநீரகத்தில் கல். வேலை கெடுமென்று நாளெல்லாம் அரை டம்ளர் தண்ணீரோடு, கழிவறைக்குக்கூட எழாத மனிதர் அவர்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது டாக்டர் அவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "உள்ளே போறதும் வெளியே போறதும் நிறைய இருக்கணும் சார். அடக்கி வெச்சா உப்பு கெட்டியாகி கல்லாத்தான் படியும்!"

தண்ணியக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

மேனேஜர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "சாவி என் டிராயர்ல இருக்கும்மா."

இரண்டு நாள் ஆசிட் கரைசலை ஓடவிட்டுக் கழுவினாள். படிவு கரைந்து பால் மாதிரி வெளியேறியது. ஒரு மெம்பரேன் மட்டும் தேறவில்லை, மற்றவை பிழைத்தன.

வேலைக்குத் திரும்பிய மேனேஜர் ஆளே மாறியிருந்தார். தண்ணீர் பாட்டிலும் கையுமாக மணிக்கொரு தடவை வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் திறந்து விடேம்மா, பாவம்."

"இன்னும் திறந்தா ஐஸுக்குத் தண்ணி இருக்காது சார். மெஷினுக்கு இது போதும். நீங்க போயிட்டு வாங்க" என்று கழிவறைப் பக்கம் கை காட்டினாள்.