வேலை செய்யாத பிரேக்

கம்ப்யூட்டரில் நான் பெரிய புலி என்று தெரு முழுக்க அளந்துவிட்ட முட்டாள் நான். அதை நம்பி, பக்கவாதத்திலிருந்து தேறிவந்த திருவையாற்று பஸ் டிரைவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். மறுபடி பஸ் எடுப்பதற்குள் காலைப் பழக்க வேண்டுமாம். கேம் கன்சோலுக்கான ஸ்டீயரிங்கையும் பெடலையும் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார்.

காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தவர், அந்த பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பிரேக்க மிதிங்கண்ணே" என்றேன்.

ஸ்டீயரிங் வேலை செய்தது. பிரேக்கை மிதித்தால் திரையில் ஏற வேண்டிய கோடு மட்டும் அசையவில்லை. சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். கேபிளைக் கழற்றி ஊதினேன். "பெடல்ல சரக்கு இல்லண்ணே" என்று தீர்ப்பும் சொன்னேன்.

கடைசியில்தான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் பிரேக் பெடலின் மேல், கழற்றிப் போட்ட செருப்புபோலக் கிடந்தது.

"அண்ணே, கொஞ்சம் மிதிங்களேன்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."