மாமா சொன்ன மலாக்கா

என் மாமா மண் லாரி ஓட்டினார். அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் குன்றுகளில் வெட்டிய செம்மண்ணைக் கிளேபாங் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமைகளில் நானும் முன் சீட்டில் ஏறிக்கொள்வேன். வழியெல்லாம் மலாக்கா கதைதான்.

மாமாவின் மலாக்காவில் போர்த்துகீசியர் ஜெயிக்கவேயில்லை. துறைமுக அதிகாரி ஒரு தமிழர். வந்து நிற்கிற கப்பல்களில் அவர் ஏறிப் பார்க்கிறார். மிளகு வாங்க வந்தவர்களுக்கு இத்தனை பீரங்கி எதற்கு என்று கேட்கிறார். பதில் வரும்வரை ஆற்று முகத்துக்கு வெளியே நிற்கச் சொல்லிவிடுகிறார். நின்று நின்று சலித்து, அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். பிறகு டச்சுக்காரரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. எல்லா நாட்டுக் கப்பல்களும் வந்தபடியே இருக்கின்றன, இன்றுவரை.

நான்காம் வகுப்பில், போர்த்துகீசியர் எப்படி வென்றார்கள் என்று ஆசிரியை கேட்டார். எதற்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். இன்று எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியும் நான்தான். எழுந்து நின்று, அவர்கள் வெல்லவேயில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். வகுப்பு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

விஷயம் தெரிந்ததும் அம்மா தன் தம்பியான மாமாவைப் பிடித்து உலுக்கிவிட்டார். பிள்ளைக்கு உண்மையைச் சொல், இல்லையென்றால் இனி அவளை லாரியில் ஏற்றாதே என்றார். வகுப்பில் பட்ட அவமானம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த முன் சீட்டு போய்விடுமே என்றுதான் பயம்.

அடுத்த சனிக்கிழமை, குருபோங் ஊரைத் தாண்டியதும் மாமா சொன்னார்: "டீச்சர் சொல்றதுதான் நெசம். பரீட்சையில அதையே எழுது. நான் சொல்றது லாரிக்கு மட்டும் லா."

எனக்கு அது போதவில்லை. வெள்ளைக்காரன் வராவிட்டால் ரப்பர் தோட்டம் ஏது, நாம் எப்படி இங்கே வந்திருப்போம் என்று மடக்கினேன்.

"கப்பல்லதான். ஆனா நம்ம சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து." கியரை மாற்றினார். "திரும்பிப் போற டிக்கெட்டும் சட்டப் பையில இருக்கும்."

கிளேபாங்கில் லாரியைப் பின்பக்கமாகக் கரையோரம் கொண்டுபோய் நிறுத்தி, தொட்டியைத் தூக்கினார். செம்மண் கடலுக்குள் சரிந்தது, தண்ணீர் சிவந்தது. நான் கைதட்டினேன். அவருடைய கப்பல்கள் வந்து நிற்கிற கடல் அதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மாமா கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்காமல், அடுத்த நடைக்கு வண்டியை எடுத்தார்.