லேப்டாப்புக்குள் வைத்த சாவி

திறந்து கிடந்த ஜன்னல் வழியாக அடித்த சாரல் என் லேப்டாப்பை நனைத்துவிட்டது. கடையில், உள்ளே இருந்த எதையும் மீட்க முடியாது என்றார்கள். நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் பேக்கப் இருந்தது.

நான் பேச்சு வராதவர்களுக்கும் பேச்சு போனவர்களுக்கும் பயிற்சி கொடுப்பவள். வலியசாலையில் என் வீட்டு முன்னறையில்தான் பயிற்சி. முன்னேற்றம் தெரிவதற்காக, வருகிறவர்களின் குரலை வாரம் ஒருமுறை பதிவு செய்து வைப்பேன். வேறு யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகவே, சாவி இல்லாமல் திறக்காத பேக்கப்பாகத் தேடிப்பிடித்திருந்தேன்.

புது லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டேன், ஏற்றுக்கொண்டது. அடுத்த திரை அந்தச் சாவியை, என்கிரிப்ஷன் கீயைக் கேட்டது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. எங்கே வைத்தேன் என்று யோசித்ததும் நினைவுக்கு வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் பழைய லேப்டாப்பிலேயே வைத்திருந்தேன். வேறு எங்கும் இல்லை.

பேக்கப் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். ஒரு இளம்பெண் எடுத்து, மலையாளம் கலந்த தமிழில் பேசினாள்.

"சேச்சி, கீ எங்க கிட்ட இல்ல. எழுதி வைக்கணும்னு முதல்லயே பறஞ்சதல்லே?"

"ஓடிபி அனுப்பி மாத்த முடியாதா?"

"அது பாஸ்வேர்டுக்கு. பாஸ்வேர்டு உங்கள அக்கவுண்டுக்குள்ள விடும், அவ்வளவுதான். கீ இல்லாம ஒரு ஃபைலும் திறக்காது. நாங்க எடுத்துப் பாத்தாலும் வெறும் கிறுக்கல்தான்."

"யாராலயும் முடியாதா?"

"முடிஞ்சா பின்ன எதுக்கு சேச்சி பூட்டு?"

போனை வைத்தேன். நாலு வருஷக் குரல்கள். அங்கேதான் இருக்கின்றன, ஒன்றுகூட அழியவில்லை. எனக்குக் கேட்காது.

ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒரு குழந்தையின் அப்பா அப்போதே குழந்தையைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார். அதன்பிறகு அவர்கள் வரவேயில்லை.

நான் அதிகம் பயந்தது தபால் ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவிடம் சொல்லத்தான். நாகர்கோவில்காரர். பக்கவாதத்தில் பேச்சு போனவர். பயிற்சி தொடங்கி மூன்று வாரம் கழித்து, பதிவின் நடுவே மின்விசிறி நின்றபோது, 'கரண்டு' என்றார். அதுதான் முதல் சொல். பயிற்சி முடிகிற நாளில் அதைப் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு மக்களே," என்றார், ஒவ்வொரு சொல்லாக. "அந்தக் கொரல... நான் கேக்கணும்னு... உனக்கு எப்படித் தோணிச்சு?"

 பதிவு செய்யலாமா, போட்டுக் காட்டலாமா என்று நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இப்போது புதுச் சாவியை இரண்டு தாளில் அச்சடித்து, ஒன்றைப் பீரோவிலும் இன்னொன்றை உறையில் போட்டு ஒட்டித் தங்கையிடமும் வைத்திருக்கிறேன். பதிவு செய்யும் முன், "பண்ணட்டுமா?" என்று கேட்கிறேன். அந்த அம்மா போன வாரம், "வேண்டாம்" என்றார். மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.