புதன்கிழமை வேண்டுதல்

கல்யாணசுந்தரிக்கு அறுபத்தொரு வயதில் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. புதன்கிழமை காலையில் காரைக்குடியில் டவுன் பஸ் ஏறுவாள். ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்குவாள். அங்கிருந்து கண்மாய்க்கரை, வரப்பு, செம்மண் பாதை என்று கால் போன போக்கில் நடந்து, அடுத்த ஊரில் பஸ் பிடித்து, மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடுவாள். இவ்வளவுதான். யாரையும் பார்க்கப் போவதில்லை, எதையும் வாங்கப் போவதில்லை. குடிப்பழக்கமாக இருந்திருந்தால்கூட ஊர் புரிந்துகொண்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ளத்தான் ஆளில்லை.

அவள் நடக்காமல் இருந்த காலம்தான் அதிகம். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தவள். யார் யாரோ எங்கெங்கோ போனார்கள். அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை. கணவர் குழந்தைவேலு நகைப் பட்டறை வைத்திருந்தார். பெண்டாட்டி தெருவில் நடந்து போனால் தன் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆள். முக்குக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாலும் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். "நம்ம என்ன வண்டி இல்லாதவகளா?" என்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் இவள் ஆயுளில் பாதி அந்தப் பின்சீட்டிலேயே போய்விட்டது.

அவர் போய்ச் சேர்ந்த மறுவருஷம் இவளுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சோணையம்மாளோடு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றினாள். சோணையம்மாள் சுற்றுக்கு ஒரு மருமகள் கதை சொல்வாள்; மருமகள்கள் மூன்று பேர், கதைக்குப் பஞ்சமில்லை. பத்துச் சுற்று முடிவதற்குள் சர்க்கரை இறங்கியதோ இல்லையோ, ரத்தக்கொதிப்பு ஏறியது.

அப்போதுதான் கல்லல் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தது. திரும்பும்போது பஸ் வரவில்லை. கண்மாய்க்கரை வழியாகப் போனால் மெயின் ரோடு வந்துவிடும் என்றார்கள். நடந்தாள். மழை முடிந்த தை மாதம். தண்ணீர் கரை முட்டக் கிடந்தது. ஒரு மணி நேரம் யாரும் அவளோடு பேசவில்லை. இந்தச் சுகத்தை இத்தனை வருஷம் தன்னிடம் யார் ஒளித்து வைத்தது என்று அவளுக்குக் கோபமே வந்தது. அடுத்த புதன்கிழமை அரியக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால், கேட்பதற்கும் யாருமில்லை என்று நினைத்தாள்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். நம் பக்கத்தில் வயதான பொம்பளை ஒருத்தி வெயிலில் தனியாக நடந்தால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"என்னத்தா, பஸ்ஸ விட்டுட்டீகளா? ஏறுங்க, ரோட்டுல கொண்டி விடுறேன்." இது மோட்டார் சைக்கிள்காரர்கள். ஒரு நடைக்குக் குறைந்தது நாலு பேர்.

"வேணாம்ப்பா, சும்மா நடக்குறேன்."

"சும்மாவா?" என்று வண்டியை அணைத்துவிட்டு ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஒருநாள் டீக்கடையில் நின்ற ஆள் ஒருவர், இவள் மனை பார்க்க வந்திருக்கிறாள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். "அங்குட்டு வாங்க, மூணு ஏக்கர் கெடக்கு" என்று கருவேல முள்ளுக்குள் அரைமணி நேரம் இழுத்தடித்தார். வேண்டாம் என்று சொன்னதை விலை பேசுவதாக எடுத்துக்கொண்டார். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆடு மேய்க்கிற சின்னக்கருப்பன்தான் கடைசியில் குடியைக் கெடுத்தான். கண்மாய் மடைக்கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கண்டதும் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வீட்டுல சண்டையா ஆத்தா?"

"இல்லப்பா."

"மருமக சோறு போடலையா?"

"நல்லாப் போடுதுப்பா."

"பின்ன எதுக்கு இங்க வந்து தண்ணியப் பாக்குறீக?"

"சும்மாதாம்ப்பா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எங்க சின்னாத்தாளும் இப்படித்தான் 'சும்மா'ன்னு சொல்லிட்டுக் கண்மாய்க்குப் போச்சு, திரும்பி வரல" என்றான். அதற்குப் பிறகு அவளை எழுந்திருக்க விடவில்லை. மகனுடைய போன் நம்பரை வாங்கிப் பேசின பிறகுதான் மூச்சு விட்டான்.

மகன் சிவபிரகாஷ் உதிரிபாகக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வேகாத வெயிலில் வந்து சேர்ந்தான். அவளை வண்டியில் ஏற்றினான். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தான்.

"இனிமே நடக்கணும்னா மாடியில நடங்கம்மா. இல்லாட்டி மிஷின் வாங்கிப் போடுறேன். நின்ன எடத்துலயே நடக்கலாம்."

"செக்குமாடுகூட நாலடி சுத்தி வருதுடா!"

"ஊரு என்னையத்தான கேக்குது? அம்மாவ ஒழுங்காப் பாத்துக்கிறலையான்னு."

கல்யாணசுந்தரி கணக்குப் பார்த்தாள். நாற்காலி பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம், பின்சீட்டு புருஷனுக்குச் சொந்தம். தனக்கென்று இருந்தது இந்த ஒரு புதன்கிழமைதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறான் பெற்ற பிள்ளை. ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"வேண்டுதல்டா! பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு வேண்டியிருக்கேன். புதன்கிழமை புதன்கிழமை நடக்குறதா."

சிவபிரகாஷ் கம்பெனிக்காரனிடமும் கவுன்சிலரிடமும் மல்லுக்கு நிற்கிறவன், பிள்ளையாரிடம் என்ன பேசுவான்? "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று முனகிவிட்டுக் கடைக்குப் போனான்.

அதற்குப் பிறகு ராஜ மரியாதைதான். மோட்டார் சைக்கிள்காரர்கள் வேண்டுதல் என்றதும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கண்டக்டர் ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார். சின்னக்கருப்பன் அவள் வருகிற பாதையில் கிடந்த முள்ளை ஒதுக்கிப் போட்டான். முப்பது வருஷம் யோக்கியமாக வேலை பார்த்ததற்குக் கிடைக்காத மதிப்பு ஒரு பொய்க்குக் கிடைத்தது. அதை நினைத்தாலும் அவளுக்கு எரிச்சல்தான்.

பிள்ளையார்பட்டியில் பூ விற்கும் அன்னக்கிளி ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மட்டும் இந்த வேண்டுதல் இடித்தது.

"ஊரச் சுத்துனது முருகன்ல? பிள்ளையாரு உக்காந்த எடத்துலயே மாம்பழத்த வாங்குனவரு. அவருக்கு எதுக்கு நடை?"

கல்யாணசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்னக்கிளி விடவில்லை.

"சரி, யாருக்காக வேண்டுதல்? மகனுக்குக் கலியாணம் ஆயிருச்சா?"

"ஆச்சு. நாலு வருசம்."

"பேரன் பேத்தி?"

"இல்ல."

"அதான!" என்றாள் அன்னக்கிளி. தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். கல்யாணசுந்தரி மறுத்திருக்கலாம். மறுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும், புதன்கிழமை போய்விடும். வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பின்னால் தன்னைத்தானே எத்தனை தடவை வைதாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஒரு வாரத்தில் சேதி காரைக்குடி பூராவும் பரவிவிட்டது. சோணையம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கல்யாணசுந்தரியின் மருமகள் ராஜப்ரியாவிடம் நேராகவே சொன்னாள்: "நீ குடுத்து வச்சவத்தா. ஒனக்குப் பிள்ளை வேணும்னு ஒம் மாமியா காடு கரையெல்லாம் நடக்குது."

ராஜப்ரியா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். படபடவென்று பேசுகிற பெண். அன்றோடு பேச்சு நின்றுபோனது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மூன்று புதன்கிழமை இப்படியே போனது. பிள்ளையில்லாத குறையை மாமியாரே ஊர் ஊராகத் தண்டோராப் போட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும் என்று கல்யாணசுந்தரி தவித்தாள். அன்னக்கிளி மேல் கோபம், சோணையம்மாள் மேல் கோபம், சும்மா நடக்கிறவளைச் சும்மா விடாத ஊர் மேல் கோபம். நடையும் கசந்துவிட்டது. கண்மாயைப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, அந்தப் பெண்ணின் முகம்தான் தெரிந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுப்படிக்குப் போனாள். ராஜப்ரியா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்த்தா. அந்த வேண்டுதல் பொய்யி. பிள்ளை பொறக்குறதும் பொறக்காததும் ஒங்க பாடு, நான் ஒரு நாளும் கொறையா நெனைச்சதில்ல. எனக்கு நடக்கப் புடிக்கும், அம்புட்டுத்தான். சும்மா நடக்குறேன்னா ஒருத்தனும் விட மாட்டேங்கிறான். அதுக்காகச் சொன்ன பொய்யி. நாளைக்கே நான் நடையை நிப்பாட்டிக்கிறேன். நீ மொகத்தத் தூக்கி வச்சுக்கிறாத."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது போல இருந்தது. ஆனால் ராஜப்ரியாவின் கை அரிவாள்மனையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப எனக்காக இல்லையா அத்தை?"

கல்யாணசுந்தரிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நீ கோவமால்ல இருக்கேன்னு நெனச்சேன்?"

"கோவமா? எங்க வீட்டுல ஆளாளுக்கு ஒரு ஆஸ்பத்திரி பேரு சொல்றாக. என்ன திங்கணும், எங்குட்டுப் படுக்கணும், எல்லாம் சொல்றாக. எனக்காக ஒருத்தரும் ஒரு அடி எடுத்து வச்சதில்ல. நீங்க வெயில்ல நடக்குறீகன்னு கேட்டதும் எனக்குப் பேச்சே வரல. ஒங்க மொகத்தப் பாத்தா அழுதுருவேன்னு பயமா இருந்துச்சு." மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். "புதன்கிழமை நான் மத்தியானம் சாப்புடுறதில்ல. டப்பாவ ஸ்கூல் ஆயாம்மாகிட்டக் குடுத்துருவேன். அத்தை வெயில்ல நடக்குற அன்னைக்கு நாம திங்கிறதான்னு."

கல்யாணசுந்தரிக்கு வெட்கமாகப் போயிற்று. கண்மாய்க்கரையில் தான் சும்மா நடந்த நாளெல்லாம் இந்தப் பெண் பட்டினி கிடந்திருக்கிறாள். மிச்ச அவரைக்காயை எடுத்து வைத்து நறுக்கினாள்.

மறுநாள் காலையில் கல்யாணசுந்தரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பள்ளிக்குக் கிளம்பி நின்ற ராஜப்ரியா பார்த்தாள்.

"நடையை நிப்பாட்டுறேன்னீகளே?"

"குன்றக்குடியில எறங்கி, பிள்ளையார்பட்டிக்கு ரோட்டு வழியா நடக்கப் போறேன். வேன்காரன் ஆரன அடிச்சே காதப் பொளப்பான். நெழலு கெடையாது. அதுதான் வேண்டுதலுக்கு நல்லது."

"அதான் பொய்யின்னு சொன்னீகளே அத்தை?"

"நேத்து வரைக்கும் பொய்யி. நீ இன்னைக்கு டப்பாவ ஆயாம்மாட்டக் குடுத்தேன்னு தெரிஞ்சுச்சு, நான் பாதி வழியில திரும்பிருவேன். வேண்டுதல் எனக்கு, பட்டினி ஒனக்கா?"

ராஜப்ரியா சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு. "இன்னும் எத்தன வாரம் நடக்கணும்?"

கல்யாணசுந்தரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தனக்கென்று இருந்த ஒரே நாளையும் இப்படித் தாரை வார்த்தாயிற்று. கொடுத்துவிட்டு மனசு வேறு நிறைந்து கிடக்கிறது; அதுதான் இன்னும் எரிச்சல்.

"நடக்குற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு விரைந்தாள்.