பீச்சாங்கைக் கிடார்

என்னைப் பீச்சாங்கைக்காரி என்று சொன்ன எல்லார் மேலும் எனக்கு இன்னும் கோபம் உண்டு. முதலில் சொன்னவர் என் தாய்மாமா. திருவிழாக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர். திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

ஆறாம் வகுப்பில், பள்ளி ஆண்டுவிழாவில் கிடார் வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். மாமா சோத்தாங்கையில் வாசிக்கச் சொன்னார். முடியாது என்றேன். என் நச்சரிப்பு தாங்காமல் தன் கிடாரின் கம்பிகளைக் கழற்றி, வரிசையைத் தலைகீழாக மாற்றி, இடது கைக்கு மாட்டிக் கொடுத்தார்.

கிடார் கழுத்தின் நுனியில் நட் என்று வெள்ளையாக ஒரு துண்டு இருக்கும். அதிலுள்ள ஆறு பள்ளங்களில்தான் கம்பிகள் உட்கார வேண்டும். வரிசை மாறியதால் தடிக் கம்பி ஒடுக்கமான பள்ளத்துக்கு வந்துவிட்டது. உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. ஓங்கித் தட்டியதும் வெளியே குதித்தது.

"பாத்தியா மருமகளே, கிடாருக்கே ஒன் கை ஆகல" என்றார் மாமா. கூட வந்திருந்த டிரம்ஸ்காரர் சிரித்தார். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"நான் உக்கார வைக்கிறேன், பாருங்க" என்றேன்.

தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டை நட்டுக்குப் பின்னால் இறுக்கிச் சுற்றினேன். குதித்தது. இன்னொன்று போட்டேன். அப்போதும் குதித்தது. அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியது. அழவில்லை. விழா நெருங்கிய சமயம், பள்ளிவிட்டு வந்து கிடாரை எடுத்தால் ஆறு கம்பியும் ஆடாமல் உட்கார்ந்திருந்தன. அடித்தேன், இழுத்தேன். ஒன்றுகூட எழும்பவில்லை.

"ரப்பர் பேண்டுதான் மாமா. இனி எம்புட்டு அடிச்சாலும் வராது."

"ஆமா, நீ பெரிய ஆளுதான்" என்றார் மாமா, விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே.

மேடையில் ஓரிடத்தில் பிசகினேன். ஆனால் கம்பி குதிக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று இடது கையைத் தூக்கித் தூக்கி அடித்தேன். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை.

பல வருடம் கழித்து நானே கம்பி மாற்றியபோதுதான் நட்டைக் கவனித்தேன். பெயர்த்து, திருப்பி ஒட்டியிருந்தது. மாமாவின் கைக்கு இனி அந்தக் கிடார் ஆகாது. மறுபடி திருப்ப அரை மணி நேரம் போதும். அவர் திருப்பவே இல்லை.

அந்த ஆண்டுவிழாவுக்குப் பிறகு அலங்காநல்லூர்ப் பக்கம் கச்சேரிகளுக்கெல்லாம் இரவல் கிடாரோடுதான் போனார். வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். என் கிடாரைத் தொட மாமாவுக்குப் பயம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.