சித்தப்பா பாடிய வேல்ஸ் பாட்டு

எங்கள் தோட்டத்துச் சின்னத் துரையை யாராவது இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் போதும், மனிதருக்குக் காது சிவந்துவிடும். தான் வேல்ஸ் நாட்டுக்காரன், தன் மொழி வேறு, இங்கிலீஷ்காரன் வேறு என்று கைவசம் இருந்த தோட்டத்துத் தமிழில் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். கேட்பவர்கள் பணிவாகத் தலையாட்டுவார்கள். அவர் குதிரை மறைந்ததும், வெள்ளைக்காரனிலும் சாதி பார்க்கிறானே இவன் என்று சிரிப்பார்கள். மலாயாவில் சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. எங்களுக்குத் துரை என்றால் துரைதான்.

அவருடைய பங்களாவில் அப்பா சமையல்காரராக இருந்தார். அதனால் துரையின் வீட்டு நியாயங்கள் எல்லாம் சூடு ஆறாமல் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்துவிடும். விருந்துக்கு வரும் மற்ற துரைமார்கள் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் இவரைச் சீண்டுவார்களாம். உங்கள் ஆட்கள் பாடுவார்கள், நிலக்கரி தோண்டுவார்கள், வாயைத் திறந்தால் பொய் சொல்வார்கள், வேறென்ன தெரியும் என்பார்களாம். நம்மைப் பற்றிச் சொல்வதையும் இதையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறான்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். நாங்கள் மட்டும் என்ன குறைச்சல்? கணக்கெழுதும் மலையாளத்துக் கிராணி எதிரே வந்தால் மந்திரம் போட்டுவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தவள்தான் நானும்.

பாடுவதைப் பொறுத்தவரை அந்தத் துரைமார்கள் சொன்னது நிஜம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஜெபக் கொட்டகைக்குச் சின்னத் துரை வந்துவிடுவார். தன் மொழிப் பாட்டு ஒன்றைச் சித்தப்பாவுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். சித்தப்பா பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, நல்ல கனத்த குரல். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் முழுப் பாட்டையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார். இது இங்கிலீஷ் பாட்டு இல்லை என்பது ஒன்றுதான் அதைப் பற்றி அவருக்குத் தெரிந்த விஷயம். துரை அதை அத்தனை தடவை சொல்லியிருந்தார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரைமார்கள் கிடைத்த காரில் தெற்கே ஓடினார்கள். சின்னத் துரையும் போனார், அப்புறம் அவரைப் பற்றித் தகவலே இல்லை. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. ஆம்பிளைகளை லாரியில் ஏற்றிச் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஒருவர்கூட நான் சொல்லப்போகும் நாள்வரை திரும்பியிருக்கவில்லை. அப்பா வெள்ளைக்காரனுக்குச் சமைத்தவர் என்பதைத் தோட்டமே சேர்ந்து மறைத்தது. அவரும் கத்தியை மாற்றிப் பிடித்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார்.

இங்கிலீஷ் பேசக்கூடாது, பாடக்கூடாது என்று உத்தரவு வந்ததும் கொட்டகையில் இங்கிலீஷ் பாட்டுகள் நின்றுபோயின. சித்தப்பாவும் அவற்றை ஒழுங்காக விட்டுவிட்டார். ஆனால் வேல்ஸ் பாட்டை விடவில்லை. அதுதான் இங்கிலீஷ் இல்லையே. உத்தரவை மீறும் எண்ணம் அவருக்குக் கடுகளவும் கிடையாது. துரை சொன்னதை வேதவாக்காக நம்பிய ஒரே ஆள் எங்கள் தோட்டத்தில் அவர்தான்.

மரம் வெட்டுகிறவர்கள் பாடுவது வெறும் ஆசைக்காக அல்ல. ஆளுக்கொரு மர நிரையில் தனியாக நிற்கிறார்கள், சுற்றிலும் பன்றியும் பாம்பும், சில நாள் புலியும். ஒருவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் நலமாக இருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். குரல் நின்றால் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்று காலையும் சித்தப்பாவின் பாட்டு நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. பக்கத்து நிரையிலிருந்து அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். பதில் வரவில்லை.

நானும் அம்மாவும் பால் ஸ்டோர் வாசலில் இருந்தோம். சித்தப்பாவைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். தோட்டத்தைப் பார்வையிட வந்த இடத்தில் பாட்டு அவர் காதில் விழுந்திருக்கிறது. கூடவே மொழிபெயர்க்கிறவர் ஒருவர். போருக்கு முன் கோத்தா கோலா மூடாவில் மீன் பிடித்துப் பினாங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் என்று சொல்வார்கள். மலாயும் இங்கிலீஷும் தெரிந்தவர், வெயிலில் எங்களைப் போலவே கறுத்தவர். எங்களுக்கு அவரும் ஜப்பான்காரர்தான்.

அதிகாரி அறைந்ததில் சித்தப்பாவின் உதடு கிழிந்தது. எதிரி நாட்டுப் பாட்டை ஏன் பாடினாய் என்று மொழிபெயர்க்கிறவர் மலாயில் கேட்டார்.

"புக்கான் இங்கிரிஸ், துவான்," என்றார் சித்தப்பா. இங்கிலீஷ் இல்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்படியானால் பாடிக் காட்டு என்றார்கள். ரத்தம் வழிகிற வாயோடு பாடினார். முதல் வரி நடுங்கியது, அப்புறம் குரல் தானாக நிமிர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பாளர் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, இதில் ஒரு சொல்கூடத் தனக்குப் புரியவில்லை, இது இங்கிலீஷே இல்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எங்களிடமும் சொன்னார். அம்மா என் தோளை இறுக்கியிருந்த பிடியைத் தளர்த்தினாள். அவசரப்பட்டுவிட்டாள். இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை என்றால் இது ரகசிய சங்கேதம் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். கையை லாரிப் பக்கம் நீட்டினார். கைக்குழந்தையோடு நின்ற சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். விரல் விரலாக விடுவித்துவிட்டு நடந்தார். இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்காரனுக்குச் சமைத்தது நான்தான், இது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும் என்றார். ஊரே சேர்ந்து மறைத்ததை அவரே போட்டு உடைத்துவிட்டார்.

தன் பஜார் மலாயில் அப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தத் துரையின் நாட்டையும் இங்கிலீஷ்காரன்தான் பிடித்து வைத்திருக்கிறான். துரையின் தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே இங்கிலீஷ்தான் பேச வேண்டும். தன் வீட்டு மொழியில் ஒரு வார்த்தை பேசிவிட்டாலும் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டிவிடுவார்கள். அடுத்தவன் எவனாவது வாய் தவறிப் பேசினால் பலகை அவன் கழுத்துக்குப் போகும். சாயங்காலம் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. அந்த மொழியில்தான் இந்தப் பாட்டு.

வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் பலகை என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதிகாரி அதட்டினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். அப்பா சொன்னதைவிட நீளமாகவே பேசினார், குரலை உயர்த்திப் பேசினார். என்ன சொன்னாரோ, அதிகாரியின் முகம் மெல்ல மாறியது. கடைசியில் சிரித்தார். சித்தப்பாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இங்கிலீஷ்காரனிடம் அடி வாங்கியவர்கள் பாட்டு என்றால் தாராளமாகப் பாடலாம் என்று உத்தரவாயிற்று. அப்பாவின் சமையலைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

எங்களுக்கு உயிர் வந்தது. அம்மா அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. அன்று மத்தியானம் சித்தி ஒளித்து வைத்திருந்த கருவாட்டையெல்லாம் எடுத்துக் குழம்பு வைத்தாள். சித்தப்பாவுக்குத்தான் வாய் வீங்கி மெல்ல முடியவில்லை. எல்லாரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமான சாப்பாட்டை நான் அதற்கப்புறம் சாப்பிட்டதில்லை.

அதற்கு முன்னால், லாரி கிளம்பும் நேரத்தில் ஒன்று நடந்தது. அதிகாரி முன்னால் ஏறி உட்கார்ந்ததும் மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் திரும்பி வந்தார். அந்தப் பலகை எவ்வளவு பெரியது என்று தாழ்ந்த குரலில் மலாயில் கேட்டார். துரை அதைச் சொல்லவில்லை என்றார் அப்பா. மொழிபெயர்ப்பாளர் இரண்டு கைகளையும் தன் நெஞ்சின்மேல் வைத்து அளவு காட்டினார்.

"இவ்வளவு இருக்கும். கயிறுதான் கழுத்தை அறுக்கும்," என்றார். பிறகு போய்ப் பின்னால் மூட்டைகளோடு ஏறிக்கொண்டார்.

பல வருஷங்கள் கழித்து, சுங்கைப் பட்டாணியில் என் மகளோடு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜப்பானா என்று கேட்டதற்கு, ஒக்கினாவா என்று திருத்தினாள். தெற்கே இருக்கும் தீவுகளாம், ஜப்பான் பிறகு சேர்த்துக்கொண்டதாம். அந்த ஊர் மீன்பிடிக்காரர்கள் அந்தக் காலத்திலேயே மலாயாவுக்கு வந்திருக்கிறார்களாம். அவள் தாத்தா பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி பேசியதற்காகக் கழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு நின்றவராம். எனக்குக் கையில் இருந்த தட்டை வைக்க இடம் தெரியவில்லை.

லாரி கிளம்பிய அன்று எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பலகையின் அளவைக்கூடச் சரியாகச் சொல்கிறாரே, இந்த ஜப்பான்காரர் எப்போதோ கப்பலேறி வேல்ஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். லயத்துப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன்.